மர்கஸ் பழியும் ஐந்தாண்டு கழித்து வந்த தீர்ப்பும்

2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்தவர்களிடம் கொரோனா கண்டறியப்பட்டது. நோய்ச் செய்தியாக இருக்க வேண்டியது மதச் செய்தியானது. மத்திய சுகாதார அமைச்சகம் தப்லீக் ஜமாஅத் தொடர்புடைய தொற்றுகளைத் தனியாகப் பிரித்துச் சொன்னது. சில தொலைக்காட்சிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 'கொரோனா ஜிஹாத்' என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது. பழ வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்கும் நிலையும் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றது. அச்சு, காட்சி ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்ததையும் சுட்டிக்காட்டியது. டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுவித்தது.

நம் நாட்டவர்தான் அதிகம் காத்திருந்தார்கள். ஊரடங்கில் போக வழியில்லாத வெளிநாட்டினருக்கு இடம் கொடுத்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலை 17 அன்றுதான். குற்றம் சுமத்தி இரவுதோறும் கத்திய அரங்குகளில் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு இரவாவது விவாதம் நடந்ததை நாம் பார்க்கவில்லை.