சித்தேரி மலையடிவாரமும் நல்லசிவன் போட்ட மனுவும்



லீவு நாளில் காரை எடுத்துக்கொண்டு அரூர் வழியாகச் சித்தேரி மலைக்குப் போய் வருவது நம்மில் பலருக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. குளிர்ந்த காற்று, சாமை வயல், பலாப்பழம் என்று வந்து சொல்கிறீர்கள். கேட்கச் சந்தோஷம். அந்த மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரோடு சேர்த்து நினைக்கவேண்டிய ஒரு அரசியல்வாதியைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன்.

நம் மடலில் கட்சி அரசியல் பேசுவதில்லை. இதுவும் கட்சிப் பிரச்சாரம் அல்ல. எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

யார் இவர்?

ஏ. நல்லசிவன் 1922இல் பிறந்தவர். நெல்லைச் சீமையில், அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். கம்யூனிஸ்ட் இயக்கத்தில் தொழிலாளர்களிடையே வேலை செய்து படிப்படியாக மேலே வந்தவர். மார்க்சிஸ்ட் கட்சியின் தமிழ்நாட்டு மாநிலச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1989 முதல் 1995 வரை மாநிலங்களவை உறுப்பினர். அமைச்சர் பதவி எதையும் வகித்தவரில்லை. பதவிகளை மட்டும் எழுதினால் இவர் கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் 1992இல் அவர் எடுத்த ஒரு முடிவு, அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்து, மொத்தம் முப்பது ஆண்டுக்கு மேல் நீண்டது.

சித்தேரியில் கிடைத்த செய்தி

சித்தேரி மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். இந்தக் காடுகள் ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போனவை. சந்தனக் கடத்தலும் வீரப்பன் தேடுதலும் உச்சத்தில் இருந்த காலம் அது.

1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பெரும் கூட்டமாக வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்பது காரணம். ஆண்கள் பலர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. குடிநீர்க் கிணறுகள் பாழாக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

இன்றைக்கு ஒரு தெருச் சண்டை கூட ஐந்து நிமிடத்தில் செல்போனில் வந்துவிடுகிறது. அன்றைக்கு இத்தனை பெரிய கொடுமை வாரக்கணக்கில் வெளியே தெரியவில்லை. ஜூலை மாதம் சித்தேரியில் மலைவாழ் மக்கள் சங்கத்தினர் கூடியபோதுதான் செய்தி காதில் விழுந்தது. சங்கத்தின் பெ. சண்முகம், முன்னாள் அரூர் எம்.எல்.ஏ. மு. அண்ணாமலை ஆகியோர் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆளில்லாத ஊரும் இடிந்த வீடுகளும்தான் அங்கே இருந்தன. விவரம் மாநிலச் செயலாளரான நல்லசிவனிடம் வந்தது.

ஏன் அவர் மனுப் போட வேண்டியிருந்தது?

யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் சிறையில், மீதிப் பேர் காட்டில். புகார் கொடுக்க வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். குற்றம் சாட்டப்படுகிறவர்களில் போலீசாரும் உண்டு. சட்டமன்றத்தில் கேட்கலாம் என்றால், 1991 தேர்தலில் 234 இடங்களில் 220க்கும் மேல் ஒரே கூட்டணி வென்றிருந்தது. அரசுத் தரப்போ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது.

மிச்சம் இருந்த வழி பொதுநல வழக்கு. தானே கோர்ட்டுக்கு வர முடியாதவர்களுக்காக வேறொருவர் வழக்குப் போடலாம் என்ற முறை, எண்பதுகளில்தான் நம் நாட்டில் வேரூன்றியிருந்தது. நல்லசிவன் தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இதற்கிடையே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து, நடந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார். அரசு மறுத்ததை இன்னொரு அரசு அமைப்பின் காகிதமே பொய்யாக்கியது. வழக்குக்கு அது பெரிய பலம்.

தேதி வாரியாக

பேங்கில் இருந்தவனுக்குத் தேதியைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். இதோ:

1992 ஜூன் – சம்பவம்.
1995 பிப்ரவரி – சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவு.
1995 ஜூலை – நல்லசிவனின் எம்.பி. பதவிக்காலம் முடிவு. அதே ஆண்டு மாநிலச் செயலாளர் பொறுப்பு என். சங்கரய்யாவிடம் போனது.
1996 – சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அனைவரும் அரசு ஊழியர்கள்.
1997 – நல்லசிவன் காலமானார்.
2011 செப்டம்பர் 29 – தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு. விசாரணைக் காலத்தில் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணம். 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு சிறை.
2023 செப்டம்பர் 29 – சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவு. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இந்தக் கடைசித் தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. வேல்முருகன், அதற்கு முன்பு தாமே வாச்சாத்திக்குப் போய் இடத்தையும் மக்களையும் பார்த்துவிட்டு வந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நமக்கு என்ன?

தேதிகளைத் திரும்பப் பாருங்கள். மனுப் போட்டவர் குற்றப்பத்திரிகை வரைதான் பார்த்தார். தீர்ப்பு வந்தபோது அவர் போய்ப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. அதனால் வழக்கு நின்றுவிடவில்லை. சண்முகமும் சங்கத்தாரும் வழக்கறிஞர்களும் வாய்தாவுக்கு வாய்தா போனார்கள். எல்லாரையும் விட, அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று ஆளைக் காட்டினார்கள். கூண்டில் ஏறி, சொல்லக் கூசும் விஷயத்தைச் சொன்னார்கள். விலைபோகவில்லை, பின்வாங்கவில்லை. இந்த வெற்றியில் பெரும் பங்கு அவர்களுடையது. அரசியல்வாதி செய்தது, அவர்கள் பேசுவதற்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

அது சின்ன வேலையா? பதவி என்றால் ரோடு, பாலம், திறப்பு விழாக் கல்வெட்டு என்றே நாம் கணக்குப் பார்க்கிறோம். நல்லசிவன் பெயரைத் தேடினால் கல்வெட்டைவிட வழக்குக் கட்டுகளில்தான் அதிகம் கிடைக்கும். தன் சொந்த ஊருக்குப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, முன்பின் பார்த்திராத மக்களுக்காகத் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு எம்.பி.யின் கையெழுத்து எதற்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் அசோசியேஷனும் மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கிறது. ரசீது வாங்கி ஃபைலில் வைத்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். கொடுத்தவர் மாறினாலும் அடுத்த செயலாளர் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும். வாச்சாத்தி மக்கள் முப்பத்தோரு ஆண்டு கேட்டார்கள்.

அடுத்த முறை சித்தேரி போகும்போது, பிள்ளைகள் காரில் இருந்தால், அடிவாரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.