தொலைக்காட்சியில் தெளிவும் விலையும்

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் முனையில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760ஆம் ஆண்டளவில் எஸக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகர் அதனை எடுப்பித்தார். அதன் முகங்களில் மணியைக் காட்டும் எண்கள் ஒரே எழுத்தில் அமையவில்லை. ஒன்றில் ரோமானிய எண்கள், ஒன்றில் ஹீப்ரு எழுத்துகள், ஒன்றில் மலையாள எண்கள். எழுத்து எதுவாயினும், தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்து மணி அறிய வேண்டும் என்பதற்காக அவ்வெண்கள் பருமனாகத் தீட்டப்பட்டுள்ளன. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் அரண்மனை. 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. பின்னர் 1663இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் இன்றும் டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. அணிகலன்களின் மணிகளையும் ஆடையின் கரைகளையும் ஓவியர் நுட்பமாக வரைந்திருக்கிறார். அந்த அறையில் நிற்பவருக்குச் சுவர் கையெட்டும் தொலைவு.

காண்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொண்டே எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று அன்றையோர் முடிவு செய்தனர். இன்று அதே மட்டாஞ்சேரியில், ஓணத் தள்ளுபடியின்போது தொலைக்காட்சிப் பெட்டி வாங்கக் கடைக்குள் நுழையும் தமிழ்க் குடும்பத்தின் முன்னும் இதே கேள்வி நிற்கிறது. அருகருகே இரு பெட்டிகள். அளவு ஒன்று, விலை வேறு. விலை மிகுந்ததில் புள்ளிகள் நான்கு மடங்கு என்கிறார் விற்பனையாளர். அந்தக் கூடுதல் தொகை, ஒரு குடும்பம் ஊருக்குப் போய்வரும் ரயில் செலவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். தெருவில் மலையாளம் பேசுகிறார்கள். வீட்டில் பெரியவர்களின் பேச்சுக்கு அடுத்தபடியாக அவர்கள் தமிழைக் கேட்பது அந்தப் பெட்டியில்தான். ஆகவே இதனை வெறும் பொழுதுபோக்குச் செலவு என்று நாம் தள்ளிவிட இயலாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் கண்ணில் படுவது 'உயர்தெளிவு' என்ற சொல். இது நேற்று வந்த சொல்லன்று. ஸ்காட்லாந்தினரான ஜான் லோகி பெயர்ட் 1926 ஜனவரி 26ஆம் நாள் இலண்டனில் அறிஞர் சிலருக்குத் தம் கருவியைக் காட்டியபோது படத்தில் இருந்தவை 30 வரிகளே. முகம் ஒன்று அசைகிறது என்று தெரிந்ததே அன்றைக்குப் பெரிய வியப்பு. 1935இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு, 240 வரிகளுக்குக் குறையாத படமே உயர்தெளிவுப் படம் என்று வரையறுத்தது. மறு ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பி.பி.சி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்டின் 240 வரி முறையும் மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் மாறிமாறி இயங்கின. 1937 பிப்ரவரியில் 405 வரி முறையே நிலைத்தது. அன்றைய 'உயர்தெளிவு' இன்று நம் கைப்பேசியின் சாதாரணப் படத்துக்கும் ஈடாகாது. 'உயர்' என்னும் அடைமொழி தலைமுறைக்கு ஒருமுறை புதிய விலையுடன் திரும்பி வருகிறது. சொல் மாறுவதில்லை, பொருள் மாறிவிடுகிறது. அகராதிக்காரர்கள் இதனைக் கவனித்தல் நலம்.

வரிகளைக் கூட்டினால் போதும் என்று எண்ணிய நாடு பிரான்சு. 1948 நவம்பரில் அந்நாடு 819 வரிகளை ஏற்றது. உலகில் வேறெங்கும் அத்துணைத் தெளிவான ஒளிபரப்பு அன்று இல்லை. ஆனால் ஒரு நிலையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவழி தேவைப்பட்டது. அண்டை நாடுகளின் 625 வரி முறைக்கு அதில் ஏறக்குறையப் பாதி போதும். வானில் இடம் அளவானது. ஒருவர் மிகுதியாக எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு இடம் குறையும். 1964இல் இரண்டாவது அலைவரிசை வந்தபோது பிரெஞ்சுக்காரர்களும் 625 வரிகளையே தேர்ந்தனர். மக்கள் இரு முறைகளையும் காட்டவல்ல பெட்டிகளை வாங்க வேண்டியதாயிற்று. 1980களின் தொடக்கத்தோடு 819 வரி முறை ஓய்ந்தது. ஜப்பானும் இவ்வழியே சென்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குப் பின் அந்நாட்டின் வானொலி நிறுவனமான என்.எச்.கே. 1125 வரிப் படத்தை ஆராய்ந்து, 1989இல் செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பத் தொடங்கியது. கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் எண்ணியல் முறை உலகெங்கும் பரவியதால் அந்தப் பழைய அலைமுறை ஒளிபரப்பு 2007இல் முடிவுற்றது.

நம் நாட்டின் வரலாறு இவற்றினும் அடக்கமானது. 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில், வானொலியின் ஒரு பகுதியாகவே தொலைக்காட்சி சோதனை முறையில் பிறந்தது. 1976 ஏப்ரலில்தான் அது வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் ஆயிற்று. நாம் கொண்ட முறை 625 வரிகள். அதனை மாற்றாமலே 1975 ஆகஸ்ட் 15இல் சென்னை நிலையம் தொடங்கியது. அதனை மாற்றாமலே 1982இல் வண்ணம் வந்தது. அவ்வாண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுகளைச் சிலர் வண்ணத்திலும் பலர் கறுப்பு வெள்ளையிலும் கண்டனர். இருவரும் கண்டது ஒரே அலை. வண்ணம் வந்ததற்காக ஏழையின் பெட்டி வீணாகவில்லை. நம் பொறியாளர்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்போம்; இதனைப் பாராட்டி எவரும் விழா எடுத்ததாகத் தெரியவில்லை!

கொச்சியில் தமிழர் வாழ்வு தொலைக்காட்சியினும் மிகப் பழையது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழ் வண்ணார் வரவழைக்கப்பட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. கோட்டைக் கொச்சியின் வெளியில் அவர்தம் சலவைத்துறை இன்றும் உண்டு. 1985இல் திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின. தமிழ் காண்பதற்கோ, தில்லியின் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகல் காட்டப்பெறும் மாநிலமொழித் திரைப்படத்தில் தமிழின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கம்பிவழி இணைப்பு தெருத்தெருவாகப் பரவியது. அக்காலத்துக் கம்பிவழிப் படத்தில் புள்ளி மழையும் நிழலுருவமும் மிகுதி. எவரும் வருந்தவில்லை, தமிழ் கேட்டது. தமிழில் உயர்தெளிவு அலைவரிசைகள் 2011இல் சன் குழுமத்தின் வழியே வந்தன.

இனிக் கணக்குக்கு வருவோம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். அதற்கும் நெருங்கிய புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். 43 அங்குலப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் 576 வரிகளே படத்துக்குப் பயன்படுவன. அவ்வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைய, ஏறத்தாழப் பத்தரை அடி தள்ளி அமர வேண்டும். 1080 வரிகள் கொண்ட உயர்தெளிவுப் படத்துக்கு ஐந்தரை அடி போதும். அதனினும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தின் முழு நுணுக்கத்தையும் காண வேண்டுமாயின் மூன்றடிக்குள் அமர வேண்டும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் முன்னறை சிறிது. சுவரிலிருந்து நாற்காலி வரை எட்டடி என்று கொண்டால் பெருந்தவறு இராது. எட்டடியில் பழைய படத்துக்கும் உயர்தெளிவுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். உயர்தெளிவுக்கும் 4கேக்கும் உள்ள வேறுபாடோ 43 அங்குலத்தில் அநேகமாகத் தெரியாது. கடையில் தெரிகிறதே என்று கேட்கலாம். கடையில் நாம் இரண்டடி தொலைவில் நிற்கிறோம். ஓடுவதும் அதற்கென்றே எடுக்கப்பட்ட பூக்களும் கிளிகளும்.

பெட்டியைவிட முக்கியமானது அதனுள் வருவது. பழைய தெளிவில் வரும் அலைவரிசையைப் பெரிய 4கே பெட்டியில் இட்டால், இல்லாத புள்ளிகளைக் கருவி ஊகித்து நிரப்புகிறது; முகங்கள் மெழுகினாற்போல் ஆகின்றன. சிறிய பழைய பெட்டியில் கண்ட படமே மேல் என்று பாட்டிமார் சொல்வது பிடிவாதமன்று. உயர்தெளிவு அலைவரிசைகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், இணைப்புக் கட்டணத்தைக் கணக்கிடும்போது உயர்தெளிவு அலைவரிசை ஒன்று சாதாரண அலைவரிசை இரண்டாக எண்ணப்பட்டது. ஆகவே பெட்டியின் விலை ஒருமுறை. அதற்குத் தீனி போடும் செலவு மாதந்தோறும். 4கே படம் பெரும்பாலும் இணையத்தின் வழியே வருவது. அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட் வேகம் தடையின்றி வேண்டும்.

தமிழ்த் திரைப்படப் பிரியர்களுக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிந்த காட்சியில், பழைய தொலைக்காட்சி என்றுமே காட்டாத நுணுக்கம் உறங்குகிறது. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' எண்ணியல் முறையில் புதுப்பிக்கப்பெற்று 2012இல் திரையரங்குகளுக்கு மீண்டு வந்தது. 1965இன் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இல் வந்தது. சுருளிலிருந்து புதிதாகப் படியெடுத்த இத்தகைய படங்களுக்கு உயர்தெளிவுப் பெட்டி உண்மையாகவே பயன் தரும். ஒளிநாடாவில் பதிவான 1980, 1990களின் தொடர்களுக்கு அந்தப் பேறு இல்லை. நாடாவில் பதியாததை எந்தப் பெட்டியும் படைக்காது. தேய்ந்த படியை அப்படியே ஒளிபரப்பும் அலைவரிசைகளைக் குறித்தும் அதுவே சொல்ல வேண்டும். நல்ல படி இருக்கத் தேய்ந்த படியைக் காட்டுவது நேயர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

எனவே எட்டடி முன்னறையும் 43 அங்குலமும் உள்ள குடும்பம் 1080 வரிப் பெட்டியோடு நின்று, மிஞ்சும் பணத்தில் ஓராண்டுக்குத் தமிழ் உயர்தெளிவு அலைவரிசைகளை வாங்கிக்கொள்வதே தக்கது என்பது நம் கருத்து. ஐப்பசியின் இடிமழை கேரளத்தில் கடுமையானது. அவ்வேளையில் மின்சுருளையும் ஆண்டெனாக் கம்பியையும் பிடுங்கிவைக்கும் வழக்கம் எந்தப் பெட்டிக்கும் வேண்டும். 55 அங்குலம் வாங்குவோரின் கணக்கு வேறு. அங்கே ஏழடிக்கு உள்ளே அமர்ந்தால் 4கே தன் வேலையைக் காட்டத் தொடங்கும்; அந்த அளவில் 4கே அல்லாத பெட்டி கிடைப்பதும் அரிதாகிவிட்டது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு இருந்த 28 விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய பெட்டியை நாடுவோருக்கு அது ஓர் ஆறுதல்.

ஜப்பானியர் 2018 டிசம்பர் முதல் நாளில் 8கே ஒளிபரப்பையும் தொடங்கிவிட்டனர். 65 அங்குலப் பெட்டியில் அது 4கேயிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டுமாயின் நான்கடிக்குள் நாற்காலி போட வேண்டும்.