அப்பாவும் பல்சக்கர ரயிலும்

ஆறு மாசம் ஆன்சைட்னு சுவிட்சர்லாந்துல பொட்டி தட்டிட்டு இருந்தப்போ ஒரு சனிக்கிழமை தனியா ரிகி மலைக்குப் போனேன். செக்கச்செவேல்னு ஒரு ரயில். தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இன்னொரு கம்பி. அதைப் புடிச்சுக்கிட்டு வண்டி செங்குத்தா மேல ஏறுது. ஃபோட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஊட்டி ரயில் மாதிரி இருக்கே, அங்கயுமா போட்டிருக்கான்?"

எனக்கு சுருக்னு இருந்துச்சு. அப்பா ஊட்டி ரயிலை சினிமாவுலதான் பாத்திருக்கார். தென்னேரி ஏரிக்குக் கீழ இருந்த நிலத்துல அரை ஏக்கர் என் இஞ்சினியரிங் ஃபீஸுக்குப் போச்சு. மிச்சத்தை வச்சு உழுதுக்கிட்டிருக்கிறவர். வாலாஜாபாத், காஞ்சிபுரம், மிஞ்சிப் போனா மெட்ராஸ், அவ்ளோதான் அவர் உலகம். நான் மட்டும் ஆல்ப்ஸ் மலையில நின்னு போஸ் குடுத்துக்கிட்டு இருக்கேன். திரும்பி வந்ததும் மொத வேலை இதுதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கிறது குதிரைக்கொம்புன்னு உங்களுக்கே தெரியும். எப்படியோ நாலு டிக்கெட் தேத்தி, அறுவடை முடிஞ்ச மறுவாரம் அப்பா, அம்மா, தங்கச்சின்னு எல்லாரையும் நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஏத்திட்டேன். காலையில மேட்டுப்பாளையம், மதியம் ஊட்டி, அதே ரயில்ல சாயங்காலம் கீழ, ராத்திரி திரும்ப மெட்ராஸ் வண்டி. "ஒரு நாளைக்குப் போயிட்டு வர இவ்ளோ செலவா?"ன்னு அப்பா அரக்கோணம் தாண்டற வரைக்கும் கணக்குப் போட்டுக்கிட்டே வந்தார். அம்மா புளிசாதம் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க.

இனிமேதான் வரலாறு. கொட்டாவி விடாம படிங்க மக்களே.

அப்பா கேட்ட கேள்விக்கு சரியான பதில், முதல்ல அங்க, அப்புறம்தான் இங்க. ரிகி ரயிலைப் போட்டவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். 1871 மே 21ல அது ஓட ஆரம்பிச்சுது. ஐரோப்பாவுக்கே அதுதான் முதல் பல்சக்கர மலை ரயில். (உலகத்துல முதல்னா அமெரிக்காவுல மவுண்ட் வாஷிங்டன், 1869.) அதே ரிக்கன்பாக் 1882ல நம்ம குன்னூருக்கு வந்தார்.

அவர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1854லயே நீலகிரிக்கு ரயில் விடணும்ங்கற பேச்சு ஆரம்பிச்சாச்சு. ஊட்டி அப்புறம் மதராஸ் அரசாங்கத்தோட கோடைக்காலத் தலைநகர் ஆயிடுச்சு. 1873ல போத்தனூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் வந்துது. அதுக்கு மேல துரைமாருங்க மாட்டு வண்டியிலயும் குதிரை வண்டியிலயும்தான் மலையேறணும். ரிக்கன்பாக் திட்டம் போட்டுக் குடுத்தார், அதை நம்பி ஒரு கம்பெனியும் ஆரம்பிச்சாங்க. ஆனா பணம் போட ஆள் இல்லை. புஸ்ஸுனு போச்சு.

அடுத்து 1885ல இன்னொரு கம்பெனி. 1891 ஆகஸ்ட்ல கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டித் தொடங்கி வச்சார். 1894ல அந்தக் கம்பெனியும் திவால்! மறுபடி ஒரு புதுக் கம்பெனி வாங்கி, கடைசியில 1899 ஜூன்ல மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் ஓடிச்சு. பேச்சு ஆரம்பிச்சு 45 வருஷம். 1903ல அரசாங்கமே வாங்கிக்கிச்சு. ஊட்டி வரைக்கும் வண்டி போனது 1908 அக்டோபர்ல. நம்ம புராஜெக்ட் ரெண்டு வாரம் லேட்டானா மேனேஜர் குதிக்கிற குதி ஞாபகம் வந்துது, ஹி ஹி.

இதுல ஒரு வேடிக்கை. வந்து பாத்தது ரிக்கன்பாக், ஆனா போட்டது அவர் பல்லு இல்லை! ரிக்கன்பாக்கோட முறை ஏணி மாதிரி. ரெண்டு இரும்புச் சட்டத்துக்கு நடுவுல படிப்படியா கம்பி. அவர்கிட்ட வேலை பாத்த ரோமன் ஆப்ட்ங்கறவர் அதை மாத்தினார். பல்லு வெட்டின ரெண்டு தகட்டுக் கம்பியைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒண்ணோட பல்லு இருக்கற எடத்துல இன்னொண்ணோட பள்ளம் வர்ற மாதிரி பண்ணினார். எந்த நேரத்துலயும் எஞ்சினோட சக்கரப் பல்லு ஏதாவது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டே இருக்கும். ஜெர்மனியில ஹார்ட்ஸ் மலையில 1885ல முதல்ல ஓடிச்சு. நீலகிரிக்கு அதுதான் வந்துது. குருவை சிஷ்யன் முந்திட்டான். இந்தியாவுல பல்சக்கரம் வச்ச ஒரே பாதை இதுதான். டார்ஜிலிங்ல இது கிடையாது. அங்க வளைஞ்சு நெளிஞ்சு, முன்னும் பின்னும் போயே ஏறிடுவாங்க.

மேட்டுப்பாளையத்துல வண்டியைப் பாத்ததும் அப்பா கேட்டார், "என்னடா, எஞ்சினைப் பின்னாடி மாட்டியிருக்கான்?" ஏறும்போது எஞ்சின் பின்னாலேர்ந்து தள்ளும், ஏதாவது அறுந்தாலும் பெட்டி கீழ உருண்டு போகாதுன்னு சொன்னேன். தலையாட்டிக்கிட்டார். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன் நிக்கறதைப் பாத்துட்டு அவரே சொன்னார், "நம்ம மாட்டு வண்டிக்கு எறக்கத்துல கட்டை போடற மாதிரி." பெட்டிக்குள்ள உக்காந்ததும், "நம்ம பழைய வாலாஜாபாத் ரயில் அகலம்தான்"னார். கரெக்ட்! இதுவும் மீட்டர் கேஜ்தான். நம்ம அரக்கோணம் - காஞ்சிபுரம் பாதை 1865ல மூணடி ஆறங்குல அகலத்துல பொறந்து, மீட்டர் கேஜ் ஆகி, இப்ப அகலப்பாதையா ஓடுது. ஊட்டிப் பாதை மட்டும் பொறந்த அகலத்துலயே இருக்கு.

பவானி ஆத்தைத் தாண்டி கல்லாறு வந்ததும் பல்லு புடிக்குது. உக்காந்திருக்கற பலகையில ஒரு கடகடப்பு தெரியும். அதுக்கு மேல குன்னூர் வரைக்கும் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். 12 அடி போனா ஒரு அடி ஏத்தம். ரிகியில நாலடிக்கு ஒரு அடி, அதோட பாத்தா இது சாதுதான். ஆனா ரிகி ஏழு கிலோமீட்டர்ல முடிஞ்சிடும். இங்க மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம், 208 வளைவு. 326 மீட்டர்ல கிளம்பி 2,200 மீட்டர் உயரத்துக்குப் போகுது. எஞ்சின் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ல செஞ்ச எக்ஸ் வகை, முதல்ல வந்தது 1914ல. நாலு சிலிண்டர். நீராவி முதல்ல சாதா சக்கரத்தைச் சுத்தும். அந்த வேலை முடிஞ்சு வெளிய வர்ற அதே நீராவி பல்சக்கரத்தையும் சுத்தும். ஒரே தண்ணியை மேல் வயலுக்கு விட்டு, அங்கேர்ந்து கீழ் வயலுக்கு எடுக்கற மாதிரின்னு அப்பாவுக்குச் சொன்னேன். டக்குனு புரிஞ்சுக்கிட்டார். பிற்பாடு இதே மாதிரி எஞ்சினை நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்லயே செஞ்சாங்கங்கறது கூடுதல் பெருமை.

ஹில்குரோவ்ல எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்தினாங்க. எல்லாரும் குரங்கோட ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா மட்டும் கீழ எறங்கி, பாறையை வெட்டின சுவரைத் தடவிப் பாத்துக்கிட்டு நின்னார். நான் பக்கத்துல போயி ரிக்கன்பாக், ஆப்ட், வென்லாக்னு படிச்சதையெல்லாம் ஒப்பிச்சேன்.

"அவங்க சரி. இந்தக் கல்லை ஒடச்சது யாரு?"

பதில் இல்லை. நான் படிச்ச எதுலயும் அந்தப் பேரு ஒண்ணு கூட இல்லை. 2005ல டர்பன்ல கூடின யுனெஸ்கோ கூட்டம் இதை உலக பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சுது. 2009 நவம்பர் மழையில மலை சரிஞ்சு பாதை மாசக்கணக்கா மூடிக் கிடந்துது. அப்பவும் மண்ணை அள்ளி, கம்பியை நிமித்தினவங்க பேரு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் யாரோ மேல ஏறி அந்த வேலையைச் செய்யறதாலதான் இன்னிக்கும் வண்டி ஓடுது.

குன்னூர்ல டீசல் எஞ்சின் மாத்தினாங்க. ஊட்டியில ரெண்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு டீ, அம்மாவுக்கு ஒரு பை கேரட். அவ்ளோதான் எங்க சுற்றுலா. எறங்கும்போது அப்பா தூங்கிட்டார். அவர் பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லை.

ஊருக்கு வந்த மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் ஏரிக்கரையில நடந்தோம். எங்க ஏரிக்குப் பழைய பேரு திரையனேரி, தொண்டைமான் இளந்திரையன் பேரால வந்துதுன்னு சொல்லுவாங்க. நான் சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்ட கதை.

"ராசா பேரு இருக்கு. கரை போட்டவன் பேரு இல்ல பாரு" அப்படின்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "மழைக்கு முன்னாடி கலங்கல் பக்கம் கரை ஒடஞ்சிருக்கறதைப் பாக்கணும், ஆளுங்களைக் கூப்பிடணும்"னார்.

எத்தனை பேரு, என்னிக்குன்னு கேட்டேன். அந்த வாரம் சனிக்கிழமை ஆபீஸ் ஆணியைத் தூக்கி ஓரமா வச்சுட்டு நானும் மண்வெட்டியோட போனேன். அரை மணி நேரத்துல கை கொப்புளம். அப்பா சிரிச்சார்.

டிஸ்கி: உங்க தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது இந்தப் பாதையில வேலை பாத்திருந்தா எழுதுங்க. பேரோட எழுதுங்க.