ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்க அரசு மாணவர் கடனின் கதை

எங்கள் தொழிலில் 'டீஃபால்ட்' என்றால், பயனர் எதையும் தொடாமல் விட்டால் தானாக எது நடக்குமோ அது. வங்கிக்காரர்களிடம் அதே சொல்லுக்குக் கடன் தவறுதல் என்று அர்த்தம். அமெரிக்க அரசின் மாணவர் கடன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டு அர்த்தமும் அங்கே ஒன்றாகிவிட்டன என்றுதான் தோன்றுகிறது. எப்படின்னு பார்ப்போம்.

1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா ஆடிப்போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கு 1,000 டாலர் வரை கடன், வட்டி 3%, திருப்பிக் கட்டப் பத்து வருடம். அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் போனால் பாதிக் கடன் வரை தள்ளுபடி. தாராளமான கடன்தான்.

1965இல் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவரே 75 டாலர் கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தவர். டெக்சாசில் தான் படித்த அதே கல்லூரிக்குப் போய்த்தான் சட்டத்தில் கையெழுத்திட்டார். இங்கே ஏற்பாடு மாறுகிறது. பணம் கொடுப்பது வங்கி, ஜாமீன் கையெழுத்து அரசாங்கத்துடையது. மாணவன் கட்டாவிட்டால் வங்கிக்கு அரசு கொடுத்துவிடும், பிறகு மாணவனைத் துரத்த வேண்டியது அரசின் வேலை.

துரத்தும் வேலை வந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தன.

முதல் கதவு திவால். நம்ம ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்போமே, அது. படித்து முடித்த கையோடு பட்டதாரிகள் திவால் மனு போட்டுக் கடனிலிருந்து தப்பிக்கிறார்கள் என்று எழுபதுகளில் ஒரு பேச்சு கிளம்பியது. கணக்கெடுத்துப் பார்த்தால், அப்படித் தள்ளுபடியான கடன் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 1976இல் சட்டம் வந்தது: தவணை தொடங்கி ஐந்து வருடத்துக்குள் திவாலில் இந்தக் கடனைக் கழிக்க முடியாது. 1990இல் ஐந்து ஏழானது. 1998இல் வருடக் கணக்கே எடுக்கப்பட்டது. 'தாங்க முடியாத கஷ்டம்' என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால் மட்டுமே விடுதலை.

இரண்டாவது கதவு காலாவதி. நம்ம புரோநோட்டு மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த சட்டம். அமெரிக்க மாணவர் கடனுக்கு 1991இல் அந்தக் கெடுவே நீக்கப்பட்டது. எத்தனை வருடம் கழித்தும் வசூலிக்கலாம். 2005இல் லாக்ஹார்ட் என்ற முதியவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எண்பதுகளில் வாங்கிய கடனுக்காக அவருடைய சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்தார்கள். செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே போகும் கதவுகள் மூடியாச்சு. மிச்சம் இருப்பது உள்ளேயே இருக்கும் வழிகள்தான். அதில் முக்கியமானது, வருமானத்துக்கு ஏற்ற தவணை. 2007 சட்டத்தின்படி வந்து 2009இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில், வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேல் உள்ள வருமானத்தில் 15% கட்டினால் போதும். 25 வருடம் கழித்து மிச்சம் தள்ளுபடி. வருமானம் ரொம்பக் குறைவு என்றால் தவணை பூஜ்யமாகக்கூட இருக்கலாம். அந்தப் பூஜ்யமும் கட்டியதாகவே கணக்கு.

அப்படியும் ஏன் லட்சக்கணக்கானவர்கள் தவறுகிறார்கள்? நாம் தொடங்கிய இடம் இதுதான். அந்தத் திட்டம் தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும். வருமான விவரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எதையும் தொடாமல் விட்டால், வருமானம் என்னவாக இருந்தாலும் பத்து வருட நிலைத் தவணைதான். அதைக் கட்ட முடியாமல் 270 நாள் போனால் டீஃபால்ட். முழுக் கடனும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வரி ரீஃபண்டை எடுத்துக்கொள்வார்கள். கோர்ட் உத்தரவே இல்லாமல், பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தில் 15% வரை பிடிக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், பெரிய கடன் வாங்கி டாக்டரானவர்கள் அதிகம் தவறுவதில்லை. சில ஆயிரம் டாலர் வாங்கி, படிப்பைப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். பூஜ்யத் தவணைக்குத் தகுதி உள்ளவர்களும் இவர்கள்தான். படிவம் நிரப்பச் சொல்லித்தர ஆள் இல்லாதவர்களும் இவர்களேதான்.

வேறு மாதிரி செய்ய முடியாதா? ஆஸ்திரேலியா 1989இலேயே செய்தது. புரூஸ் சாப்மன் என்ற பொருளாதார அறிஞர் வடிவமைப்பில் பங்கெடுத்த திட்டம் அது. குறிப்பிட்ட அளவு சம்பளத்தைத் தாண்டினால் வருமான வரித்துறையே பிடித்துக்கொள்ளும். தாண்டாவிட்டால் ஒன்றும் கட்ட வேண்டாம். அங்கே ஒன்றும் செய்யாமல் இருப்பவன்கூட சரியான திட்டத்தில்தான் இருக்கிறான். இரண்டும் அரசுக் கடன், இரண்டும் வசூலாக வேண்டிய கடன். எதை டீஃபால்ட்டாக வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இங்கிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்த அமெரிக்க அரசுக் கடன் கிடைக்காது. அங்கேயே குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அப்படி யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால் இதை மட்டும் சொல்லுங்கள். 2025 ஜூலையில் வந்த புதுச் சட்டம் தவணைத் திட்டங்களை மறுபடி மாற்றியிருக்கிறது, அதனால் பழைய கணக்கை நம்ப வேண்டாம். தவணை இடிக்கிறது என்று தெரிந்த முதல் மாதமே கடனைக் கையாளும் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வருமானத்துக்கு ஏற்ற திட்டத்தைக் கேளுங்கள். தற்காலிக நிறுத்தம் தருகிறோம் என்றால், அந்த மாதங்களுக்கு வட்டி ஓடுமா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஏற்கெனவே தவறியிருந்தால், பத்து மாதத்தில் ஒன்பது தவணை கட்டி மீளும் வழி ஒன்று உண்டு. வருகிற கடிதத்தைப் பிரிக்காமல் மேஜை டிராயரில் போடுவதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான வழி.