துணி யாருடையது? திருப்பூரில் முதல் தொழிலாகப் பொருளும் சேவையும்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் புதிதாக இறங்குபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. நூல் வாங்கி, துணியாக்கி, தைத்துச் சொந்தப் பெயரில் விற்பது ஒன்று. பிறர் துணியைக் கூலிக்குத் தைத்தோ சாயமேற்றியோ கொடுக்கும் ஜாப் ஒர்க் மற்றொன்று. தையலைப் பொறுத்தவரை இரண்டிலும் ஓடுவது அதே ஓவர்லாக் மெஷின்தான். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், பிறருடைய சரக்கின் மீது செய்யும் வேலையைச் சேவை என்று வகுக்கிறது. வரிக்காக எழுதப்பட்ட இந்த வரையறை தொழில் தேர்வுக்கும் பொருந்தும். துணி யாருடையது என்பதே முதல் கேள்வி.

சொந்தச் சரக்காக ஒரு டி-ஷர்ட்டை நான்கு அளவிலும் ஐந்து நிறத்திலும் போட்டால் இருபது வகை. வகைக்கு 50 என்றாலும், முதல் பீஸ் விற்பதற்குள் 1,000 பீசுக்கு நூல், நிட்டிங், சாயம், தையல் என்று பணம் இறங்கிவிடும். நடு அளவுகள் தீர்ந்துபோகும். சிறியதும் மிகப் பெரியதும் அட்டைப்பெட்டியில் தங்கும். புதியவர் காகிதத்தில் போட்ட லாபம் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. கடைக்காரர் கடன் சொல்வார். தையல்காரருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். 2022 மே மாதம், 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர்கள் அந்த ஏற்றத்தைத் தாங்களே சுமக்க நேர்ந்தது. கூலிக்குத் தைப்பவருக்கு வேலை குறையலாம். நூல் விலை அவர் கணக்கில் ஏறாது.

சேவை என்றால் முதலீடு குறைவு என்ற பரவலான நம்பிக்கை பாதிதான் சரி. தையலுக்குப் பொருந்தும், சாயத்துக்குப் பொருந்தாது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சொந்தத் துணி ஒரு மீட்டர்கூட இல்லாத உரிமையாளர்களின் முதலீடும் இயந்திரங்களோடு முடங்கியது.

கூலி வேலைக்கு வேறொரு பலவீனம் உண்டு. வருமானம் மெஷின் ஓடும் மணிக்கணக்கோடு கட்டுண்டது. பெயர் வளர்வது துணிக்காரருக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் ஒரே ஆளிடம் மட்டும் வேலை பிடிப்பவர் அவர்மீதே புகார் கொடுக்கத் துணிவது அரிது. ஆகவே, முதல் ஆண்டிலேயே மூன்று நான்கு பேரிடம் வேலை பிடிப்பது, கூலியை நாலணா ஏற்றுவதைவிட முக்கியம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்க மானியத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் எனத் திட்ட மதிப்பு வரம்பு உள்ளது. பெரிய வரம்பைப் பார்த்து உற்பத்தியைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. மானியம் இயந்திரம் வாங்க உதவும், விற்காத சரக்கை விற்றுத் தராது. தையல் கூலியில் தொடங்குபவர், கட்டிங்கில் எவ்வளவு துணி வீணாகிறது, எந்த அளவு திரும்பி வருகிறது, யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார் என்பதைப் பிறர் துணியிலேயே கற்றுக்கொள்கிறார். அதன்பின் ஒரே நிறம், இரண்டு அளவு என்று சொந்தச் சரக்கைச் சிறிதாகப் போடலாம்; அது தேங்கினாலும், வாரச் சம்பளத்தைக் கூலி வேலை தாங்கும்.