சாரணர் தோட்பை

நம் சிறுவர் தோளில் தொங்கும் துணிப்பையை அற்பப் பொருளென எண்ணுகிறோம். அதன் வரலாறோ சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'ஹாவர்ஸாக்' என்னும் அதன் பெயர், 'ஓட்ஸ் தானியப்பை' எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லினின்று பிறந்ததாம். குதிரைவீரர் தம் குதிரைகளுக்குரிய தீனியை அதிற் கொண்டுசென்றனர். பின்னர்ப் போர்வீரர் தம் உணவையே அதிற் சுமந்தனர்.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் பேடன் பவல் என்னும் தளபதி சிறுவர் பாசறை அமைத்துச் சாரணர் இயக்கத்துக்கு வித்திட்டார். அதன்பின் அப்பை சாரணச் சிறுவர் தோளையும் அடைந்தது. அதன்மேல் பொறிக்கப்படும் மூவிதழ் மலர்ச் சின்னம், திசைகாட்டியில் வடதிசையைக் குறிப்பது. அவ்விதழ்கள் உறுதிமொழியின் மூன்று பகுதிகளை நினைவூட்டும். பிறர்க்குதவல் அவற்றுள் ஒன்று.

அந்தோ! 1909-இல் இவ்வியக்கம் நம் நாட்டிற்கு வந்தபோது இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. உதவியை விரதமாகக் கொண்ட சின்னமே பிறப்பு நோக்கி மறுக்கப்பட்டது. 1916-இல் அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் நிறுவினார். 1950 நவம்பர் 7-இல் சங்கங்கள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. இன்று அம்மலரின் நடுவே அசோக சக்கரம் விளங்குகிறது.

அன்பர்களே! போராடிப் பெற்ற சின்னம் வெறும் அலங்காரமன்று. பையுடன் மாலையில் வீடு திரும்பும் மைந்தனை, "இன்று யாருக்கு உதவினாய்?" என்று நாம் வினவுவோமாக. உதவி பெற்றவர் எக்குலத்தார் என்று மட்டும் வினவாதிருப்போமாக.