ஆறுமணிக்குருவி: ஒரு பெயருக்குள் எவ்வளவு வரலாறு?

ஐப்பசி மழை தொடங்குகிற நாட்களில் யாழ்ப்பாணத்து வளவுகளுக்குள் சிலவேளை ஒரு புதுக் குருவி வந்து நிற்கும். பச்சை முதுகு, மங்கின மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, செட்டையில் பளிச்சென்று நீலம், கண்ணுக்குக் குறுக்கே மை பூசினமாதிரிக் கறுப்புக் கோடு. மைனாவைவிடச் சின்னன். வால் இருக்கோ இல்லையோ என்று கேட்கிற அளவுக்குக் கட்டை.

நீலத்தைக் கண்டவுடன் கனபேர் மீன்கொத்தி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மீன்கொத்திக்கு நீண்ட சொண்டு. வயரிலோ கொப்பிலோ குந்தியிருக்கும். இது நிலத்துக் குருவி. மரத்தடியில் தத்தித் தத்தித் திரிந்து, சருகைக் கிளறிப் பூச்சி, புழு பிடிக்கும். ஆள் அசைந்தால் பத்தைக்குள் மறைந்துவிடும்.

அதன் பெயர் ஆறுமணிக்குருவி. விஞ்ஞானப் பெயர் பிட்டா பிராக்கியூரா. இந்த இரண்டு பெயரும் வந்த வழியைப் பார்த்தால், ஒரு பறவையை 'அடையாளம் காணுதல்' என்பது என்ன என்று கொஞ்சம் விளங்கும்.

1764இல் ஜோர்ஜ் எட்வேர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பறவையைப் படம் வரைந்து வெளியிட்டார். அவர் வைத்த பெயரின் பொருள் 'குறுவால் மாக்பை'. மாக்பை என்பது காக்கைக் குடும்பத்துப் பறவை. 1766இல் உயிர்களுக்கெல்லாம் பெயர் வைத்த கார்ல் லின்னேயஸும் அதே வழியில் இதைக் காக்கையோடு சேர்த்து, 'குறுவால் காக்கை' ஆக்கினார். ஊரையும் பிழையாக மொலுக்காத் தீவுகள் என்று எழுதிவிட்டார். பிறகுதான் அது இலங்கை என்று திருத்தினார்கள். இவ்வளவு பெரிய ஆளுக்கும் ஏன் பிழைத்தது? அவருக்குக் கிடைத்தது படமும் குறிப்பும் மட்டும். உயிரோடு அது எப்படி நடக்கும், எப்ப கூப்பிடும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

1816இல் பிரெஞ்சுக்காரர் வியேயோ இதைக் காக்கையிலிருந்து பிரித்து 'பிட்டா' என்ற பேரினத்தை உண்டாக்கினார். பிட்டா தெலுங்குச் சொல். பொருள் வெறும் 'குருவி'. ஆபிரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா வரை நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள ஒரு குடும்பமே இன்றைக்கு அந்தத் தெலுங்குப் பெயரோடுதான் இருக்கிறது.

எங்கட பெயர் வேறு வழியால் வந்தது. விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் ஒரு விசில். ஒன்று கூப்பிட, பக்கத்து வளவில் நிற்பது பதில் சொல்லும். அதுதான் ஆறுமணிக்குருவி. மணிக்கூடு வந்த பிறகு பிறந்த பெயராகத்தான் இருக்கவேணும். அதனால் அவ்வளவு பழசாக இராது. ஆனால் சரியான பெயர். கண்ணில் படாத பறவையைக் காதால் பிடித்த பெயர்.

சிங்களத்தில் இது அவிச்சியா. அதுவும் குரலை வைத்து வந்த பெயர்தான். மயில் தன் உடுப்பைக் களவெடுத்துவிட்டது என்று இது புலம்புவதாக அங்கே ஒரு கதையும் உண்டு. இந்தியில் நவரங், ஒன்பது நிறம். இலங்கைப் பறவைகளைப் பற்றி 1880இல் பெரிய புத்தகம் முடித்த லெக் என்ற இராணுவ அதிகாரி, பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்தார். ஊர்ச்சனத்தின் அறிவு இல்லாமல் புத்தகம் முழுமையாகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் குருவி முட்டையிடுவது இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும். மாரிக்கு இரவிரவாகப் பறந்து, கடல் கடந்து இங்கே வரும். சித்திரையளவில் திரும்பிப் போகும். களைத்து வந்து விழுகிறதுகள் சிலவேளை வீட்டுக்குள்ளேயே பூந்துவிடும். கண்ணாடியில் அடிபட்டும் பூனையிடம் பிடிபட்டும் சாகும்.

இதற்கு வேண்டியது நிழலும் சருகும் மட்டும்தான். பத்தையை வெட்டி, கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் கட்டி, மிச்சச் சருகைக் கூட்டிக் கொளுத்தினால் அது எங்கே இரை தேடும்? போனில் உள்ள ஆப் ஒரு நிமிடத்தில் பெயர் சொல்லும், நல்லது. ஆனால் வளவில் குருவி வராமல் போனால், 'ஆறுமணி' ஏன் என்று சொல்லிக்கொடுக்க ஒரு குரலும் இராது.

வருகிற மாரியில் வளவின் ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டுப் பாருங்கோ. பிறகு பின்னேரம் ஆறு மணிக்குக் காதைக் கொடுங்கோ.